மூன்றாவது ஜோடி

முதல் ஜோடி இயர்பட்ஸைக் காதில் செருகிய கணமே சம்மட்டிக்குச் சொர்க்கம் திறந்துவிட்டது.

"அடேயப்பா! வயலின்காரன் என் மூளைக்குள்ள பாய் போட்டு உக்காந்துட்டான்மா!"

கடைப் பெண் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை.

தகடு அடிக்கும் பட்டறையில் தரை அதிரச் சம்மட்டி போட்டு, அந்தப் பெயரோடே ஓய்வு பெற்றவர் அவர். தான் ஓங்கி அடித்தால் அடுத்த தெருக் கோழி பயத்தில் இரட்டை முட்டை போடும் என்பார்.

போன வாரம் அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கூப்பிட்டாள், கூப்பிட்டாள், தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். சம்மட்டி கூடத்தில் டிவி பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"டிவி சத்தம்மா," என்றார் மகளிடம். உண்மைதான். அந்தச் சத்தத்தில் சுவர்க் கடிகாரமே ஆணியோடு கழன்று விழும்.

இடுப்பு முறிந்து அம்மா படுக்கையோடு படுக்கையான பிறகு, மகள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். அம்மா தலைமாட்டில் ஒரு போன், அப்பா காதில் இந்த இயர்பட்ஸ். அம்மா கூப்பிட்டால் காதுக்குள்ளேயே கேட்கும். இதிலும் கேட்கவில்லையென்றால் அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விடுவாள். அவள் வீடு ஒன்றரை அறை. அப்பாவுக்கு இடமில்லை.

மனைவியிடம் நாலு திட்டு வாங்காமல் சம்மட்டிக்குச் சோறு இறங்காது.

"இது வெளிச்சத்தத்தை எல்லாம் அடைச்சிடும் ஐயா," என்று இரண்டாவது ஜோடியை நீட்டினாள் கடைப் பெண்.

செருகிக்கொண்டார். மகள் நீட்டிப் பிடித்த போன் திரையில் பாட்டுக்கேற்ப வண்ணக் கோடுகள் எம்பிக் குதித்தன. அவர் விரலும் எம்பிக் குதித்தது.

"பேஸ் ஜாஸ்திம்மா. பல்லு ஆடுது. இருக்கிறதே நாலு, அதையும் உதிர்த்துடும் போல!"

மூன்றாவது ஜோடியை மகளே எடுத்தாள். ஒன்றை அவர் காதில் வைத்தாள். மற்றதைத் தன் காதில் வைத்துக்கொண்டாள். போன் திரையைத் தன் பக்கமே வைத்துக்கொண்டு ஏதோ தட்டினாள்.

கோடுகள் மறைந்துவிட்டன. அதுவரை பாட்டு அவருக்குக் கண் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

அதனாலென்ன? அசருகிற ஆளா அவர்? கண்ணை மூடினார். தலையை ஆட்டினார். தொடையில் படபடவென்று தாளம் தட்டினார்.

"ஆகா! இதுதான்! தபேலாக்காரன் பிச்சு உதர்றான் போ! இதையே பில் போடும்மா!"

கண்ணைத் திறந்தார். கடைப் பெண் தலை குனிந்து மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்த இடத்தையே.

மகள் போனை அவர் பக்கம் திருப்பினாள்.

திரையில் பாட்டு இல்லை. அவர் மனைவியின் படம் இருந்தது. அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்னதெல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கும்.

சம்மட்டியின் கை தொடை மேலேயே நின்றுவிட்டது.

"அம்மா என்ன சொன்னா?"

மகள் சொன்னாள். அவள் உதடுகள் நடுங்கியதில் அவருக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.