கனவில் தெரியும் மலை

"கண்ணு போயி பதினெட்டு வருஷம்னீங்களே, கனவுல இன்னும் மலை தெரியுதாண்ணே?" என்று கேட்டாள் ஜஹானாரா. பி.எஸ்ஸி. இரண்டாம் வருடம், மேலே படித்து மூளையை ஆராயப் போகிறாளாம்.

"ஜாஸ்தியாவே தெரியுதும்மா. உச்சியில மேகம் உக்காந்திருக்கும்," என்றார் மலையடிவாரத்தில், செங்கம் ரோட்டோரம் ஊதுவத்தி விற்கும் இருசப்பன்.

"நெறம்?"

"மழை விட்டதும் இருக்குமே, அந்தப் பச்சை. பரீட்சையில இதெல்லாமா கேக்கறாங்க?"

அவள் சிரித்தாள். பேனா ஓடும் சத்தம் கேட்டது.

"பொழுது சாயுது. ரோட்டைத் தாண்டி விட்டுடும்மா."

அவள் அவர் கையைப் பிடித்தாள், ஆனால் நகரவில்லை.

"மங்கல்ல எனக்கும் பஸ் வர்றது தெரியாதுண்ணே. மூணு வருஷத்துல பகல்லயும் தெரியாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மூளை எதையெல்லாம் வச்சுக்கும்னு அதான் கேட்டுட்டுத் திரியறேன்."

இருசப்பன் அவள் தோளைத் தொட்டு மலைப்பக்கம் திருப்பினார்.

"ரோடு கெடக்கட்டும். நல்லாப் பாத்துக்கோம்மா. அப்புறம் அது எங்கயும் போகாது."