நெவேனாவின் கடைசி இரவு

"அசென் கூப்பிட்டா நான் செத்துட்டேன்னு சொல்லிடு" என்றாள் நெவேனா, காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"எனக்கு அழ வராது. பேசாம உயிரோடயே இருந்துக்கோ" என்றாள் பெங்கா. தொலைநோக்கியை இயக்குவது பெங்காவின் வேலை. நெவேனாவோடு மல்லுக்கட்டுவதையும் அவள் பல வருஷமாகச் சம்பளமில்லாமல் செய்துவருகிறாள்.

மலையுச்சி ஆய்வுக்கூடத்தின் சமையலறையில் மாலை வெயில் விழுந்திருந்தது. இரண்டு நாள் மூடுபனிக்குப் பிறகு ரோடோப்பி மலைக்கு மேலே வானம் இன்றைக்குத்தான் கண்ணைத் திறந்திருக்கிறது. நெவேனாவுக்கோ கண்ணைத் திறக்கவே முடியவில்லை. பனி விலகுமா, விலகுமா என்று ஜன்னலருகே உட்கார்ந்தே இரண்டு இரவும் போயிருந்தன.

இன்றிரவுதான் அவளுக்குக் கடைசி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே ஒரு ஜோடி நட்சத்திரத்தைத்தான் அவள் கட்டிக்கொண்டு அழுகிறாள். அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, அந்த நிறமாலையில் இருக்கும் கோடுகள் கொஞ்சமாவது நகர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பாள். 'சரியான தூங்குமூஞ்சி நட்சத்திரம், இனி இதற்கு நேரம் கிடையாது' என்று நேரம் ஒதுக்கும் குழு கையை விரித்துவிட்டது. இன்றைக்கு அந்தக் கோடுகளைப் படமெடுத்துவிட்டால் ஆராய்ச்சியை எப்படியோ முடித்துவிடலாம். இல்லையென்றால் இத்தனை வருஷமும் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

"முதல்ல அளவுக்குக் கருவியோட விளக்கைப் போட்டு ஒரு படம் எடுத்துக்கலாம். அப்புறம் சரிபார்க்க, தெரிஞ்ச நட்சத்திரம் ஒண்ணு. நம்மாளு மேல ஏறி வந்ததும் விடாம பிடிச்சுக்கணும். நிலா வந்துட்டா எல்லாம் போச்சு."

"இதையே மத்தியானத்துலேர்ந்து நாலு தடவை சொல்லிட்டே. ஒரு வாய் சாப்பிடு." பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா இருந்த தட்டைப் பெங்கா அவள் பக்கம் தள்ளினாள்.

போன் அடித்தது. பெங்கா சுவரில் மாட்டியிருந்த ஆய்வுக்கூடப் போனை எடுத்து, "ம்... தெரியல... ம்..." என்று இழுத்துவிட்டு வைத்தாள்.

"அவன்தான். உங்கிட்டதான் பேசுவானாம். எங்கிட்ட சொல்ல மாட்டானாம். கருவியில நீ மாட்டி வச்சிருக்கியே, நிறம் பிரிக்கிற தட்டு, அதை மட்டும் கழட்டிடாதேன்னு சொல்லச் சொன்னான்."

"பாத்தியா! நான் அடுப்பு மூட்டி, சமைச்சு, எடுத்து வைக்கணும். தொரை கையைக் கழுவிட்டு வந்து உக்காந்துப்பாரு!"

அசென் தலைநகரில் இருப்பவன். வெடிக்கும் நட்சத்திரங்களை மோப்பம் பிடிப்பதுதான் அவன் பிழைப்பு. எங்காவது ஒரு நட்சத்திரம் திடீரென்று வெடித்தால், அன்றைய இரவு யாருக்கு ஒதுக்கியிருந்தாலும் தொலைநோக்கியை அதற்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும். அது இந்த மலையின் விதி. தொலைநோக்கிக்கு மேலே இருக்கும் குவிமாடத்தைத் திறந்து படமெடுக்கத் தொடங்கிவிட்டால் மட்டும் யாராலும் குறுக்கே வர முடியாது.

இந்த விதியைக் காட்டி அசென் இதற்கு முன்பே இரண்டு முறை நெவேனாவின் இரவை வாரிக்கொண்டு போயிருக்கிறான். அதனால்தான் அவள் கைப்பேசியை அணைத்துப் போட்டுவிட்டு, இந்தச் சூரியன் எப்போது தொலையும் என்று காத்திருந்தாள்.

"விதியை எழுதினதே நீதானே?" என்றாள் பெங்கா.

"அப்போ வயசு இருந்துச்சு. நம்பிக்கையும் இருந்துச்சு. இப்போ முதுகுவலி மட்டும்தான் இருக்கு."

மறுபடி போன் அடித்தது. இருவரும் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. வெளியே சூரியன் பைன் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

பெங்கா சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "மாடத்தைத் திறந்துடறேன். திறந்துட்டா நீ தப்பிச்சே."

'திற' என்று சொல்லத்தான் நெவேனா வாயெடுத்தாள். சொல்ல வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"இரு பெங்கா. வெடிச்ச நட்சத்திரத்துக்கு முதல் ராத்திரிதான்டி எல்லாம். அதை விட்டா யாராலயும் திரும்பப் பாக்க முடியாது. என்னோடது எங்க ஓடிடப்போவுது? நான் பாத்தாலும் பாக்காட்டியும் அது பாட்டுக்குத் தூங்கும்."

"உனக்கென்ன கிறுக்கா? இதே உனக்குன்னா அவன் விட்டுக்கொடுப்பானா?"

"மாட்டான்" என்றாள் நெவேனா. அவளுக்கு அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பு இல்லாமல், போட்டு வைத்த திட்டத்தை இரண்டாக மடித்து மேஜையில் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள்.

"எடுத்துட்டேன், போதுமா? இந்த ராத்திரியை நீயே வச்சுக்கோ அசென். நான் சண்டைக்கு வரல. நிறமாலையையும் நானே எடுத்து அனுப்பறேன். நீ இவ்வளவு தூரம் வர வேணாம். தொலைநோக்கியை எந்தப் பக்கம் திருப்பணும்னு மட்டும் சொல்லு."

அந்தப் பக்கம் அசெனுக்கு மூச்சு வாங்கியது.

"வேற எங்கயும் திருப்பாத நெவேனா. வெடிச்சது உன்னோடதுதான்."