ரேமோனின் காதல் பாட்டு

ரேடியோவில் ரேமோனின் குரல் வந்ததும் அனுசூயா தோசைத் திருப்பியைக் கீழே வைத்தாள்.

"உங்க கீழ்வீட்டுல இருந்தவன்தானே?"

அவனேதான். பகலில் லாரி ஓட்டி, சனிக்கிழமைகளில் மதுக்கடையில் கிதாரோடு நின்றவன். இப்போது ஊர் முழுக்க அவன் பாட்டுதான். படியில் இரண்டு வெள்ளி வளையங்களை வைத்துவிட்டுப் போன ஒருத்திக்காக உருகுகிறான். கன்ட்ரி என்கிற இந்த ஊர் நாட்டுப்புறப் பாட்டு என்றாலே எனக்கு ஆகாது. மூக்கால் அழுவார்கள்.

அனுசூயா என் நண்பனின் மனைவி. அம்புஜம் இறந்த பிறகு ஞாயிறுதோறும் வந்து எனக்குச் சமைத்து வைத்துவிட்டுப் போகிறாள்.

என் மனைவி அம்புஜம் இரண்டு வருடம் முன்பு, மார்ச் மாதத்தில், ஆற்றில் விழுந்தாள். நாங்கள் வந்து குடியேறிய லாசாலில், எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஆறு. பனிக்கட்டி வழுக்கிவிட்டது என்று மாமனாருக்கு எழுதினேன். போலீஸும் அப்படித்தான் எழுதியது.

அவள் காலில் மெட்டி இல்லை. தண்ணீர் இழுத்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க, ஊருக்குப் போய் அம்மாவைப் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். கோடையில் பார்க்கலாம் என்று நானும் குளிர்காலம் முழுக்கச் சொன்னேன். பிப்ரவரியில் தந்தி வந்துவிட்டது.

இந்தப் பாட்டு எப்படிப் பிறந்தது என்று ரேடியோக்காரர் கேட்டார்.

மேல்வீட்டில் ஓர் இந்தியப் பெண் இருந்தாளாம். ஒரு காலையில் வெளிப்படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றி, கால்விரல்களிலிருந்து இரண்டு வளையங்களை உருவினாளாம். இறுகிப் போயிருந்தனவாம். எச்சில் தொட்டு உருவினாளாம். வாசலை ஒட்டி வைத்துவிட்டு, இறங்கும்போது இவனைப் பார்த்துச் சிரித்தாளாம். அன்றே ஆறு அவளைக் கொண்டுபோய்விட்டதாம்.

தனக்காகத்தான் வைத்தாள் என்று எடுத்துக்கொண்டானாம். இன்றும் கழுத்தில் கோத்துப் போட்டிருக்கிறானாம்.

அனுசூயா தன் கால்களைப் பார்த்தாள். என்னைப் பார்க்காமல் ரேடியோவை அணைத்தாள்.

"வழுக்கித்தான் விழுந்தா," என்றேன்.

தோசை தீய்ந்துகொண்டிருந்தது.

எவ்வளவு பனி பெய்தாலும் பூட்ஸோடு வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அம்புஜம் போட்ட சட்டம். மேல்படியில், வாசலை ஒட்டி, நான் பூட்ஸைக் கழற்றி வைக்கிற இடம் அது. தெருவில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. ரேமோனுக்கு எப்படித் தெரியும்?

அவள் ஆற்றில் விழுந்த அன்று மாலையும் அங்கேதான் குனிந்து கழற்றினேன். படியில் ஒன்றும் இல்லை.

"அம்புஜம், காபி" என்று கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன்.