வேலிக்கு உள்ளே

பந்தய நாளில் ஊரில் உள்ள பதினெட்டு ஆம்புலன்ஸும் பந்தயச் சாலையில் நிற்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கார்கள் ஓடக் கூடாது. பந்தயத்துக்கு நிதி ஒதுக்கிய அரசு எங்கள் வண்டிகளையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டது. இப்போது மாதத்தில் இருபது நாள் பந்தயம். என் வண்டி ஏழாவது வளைவில் நிற்கும்.

வளைவை ஒட்டிய கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் முனிரத்தினத்தின் வீடு. இன்று மதியம் அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டார்.

"தம்பி, எங்க வூட்டுக்காரிக்கு நெஞ்சு வலி. வேர்த்துக் கொட்டுது. ஒரு எட்டு வந்து பாருப்பா."

"வண்டிய எடுத்தா பந்தயம் நின்னுடும்ணே. ஆட்டோ பாருங்க," என்றேன்.

"ரோட்டெல்லாம் அடைச்சிட்டீங்களே, ஆட்டோ எப்படி வரும்?"

என் தலைக்கு மேலே இருந்த அரசு விளம்பரத்தை அவர் படித்தார். 'பந்தயச் சாலையில் யார் விழுந்தாலும் தொண்ணூறு நொடியில் மருத்துவர்.'

அவர் உள்ளே போனார். மகனோடு வந்து வேலியை வெட்டினார். மனைவி தேசம்மாவைத் தூக்கிவந்து சாலையில் படுக்கவைத்தார். சிவப்புக் கொடி காட்டினார்கள், கார்கள் நின்றன. இரண்டு மருத்துவர்களோடு நான் ஓடினேன்.

"டாக்டர் வந்துட்டாங்க தேசம்மா," என்றார் முனிரத்தினம்.

மருத்துவர்களில் ஒருவர் அவள் கையைப் பிடித்தார். நாடி பார்க்க அல்ல. மணிக்கட்டில் பந்தய வீரருக்கான பட்டை இருக்கிறதா என்று பார்த்தார்.

"நம்ம ஆள் இல்ல. வெளிய விட்டுடுங்க."

தேசம்மாவை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போய், வேலிக்கு வெளியே அலுங்காமல் இறக்கிவைத்தோம்.

தொண்ணூறு நொடிக்குள் சாலையைக் காலி செய்ததற்காக மாலையில் எங்கள் வளைவுக்குப் பாராட்டு வந்தது.