பன்னிரண்டாவது நிமிடம்

“இன்னிக்கும் நான்தான் விழணுமா?” என்று கத்திக்கொண்டே இவாமுரோ மடக்கு நாற்காலியை எட்டி உதைத்தான். அது ஒப்பனை அறைச் சுவரில் மோதிப் படுத்துக்கொண்டது.

மல்யுத்தக் குழுத் தலைவர் ஒனிஹாரா அசரவில்லை. “பன்னிரண்டாவது நிமிஷம். ஹயாசே மேடையோட மேல் கயித்துலேர்ந்து உன் மேல குதிப்பான், நீ விழுவ. நடுவர் ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணுற வரைக்கும் தோளைத் தரையிலேர்ந்து தூக்காத. சாம்பியன் பெல்ட் அவன்கிட்டயே இருக்கும்.”

“இருபத்தோரு வருஷம் தலைவரே! பகல்ல வீடு மாத்துற கம்பெனில பீரோ தூக்கிட்டு, சாயங்காலம் இங்க வந்து அடி வாங்குறேன். முட்டி போயிடுச்சு, அடுத்த மாசம் ஆபரேஷன். இதான் கடைசி. ஒரே ஒரு தடவை அந்தப் பெல்ட்டை இடுப்புல கட்டக் கூடாதா?”

“ஹயாசேவுக்கு இருபத்துநாலு வயசு. அவன் மூஞ்சி போட்ட பனியன் இருநூறு வித்திருக்கு. உன் மூஞ்சி போட்டது பதினொண்ணு. அதுலயும் நாலு உங்க அக்கா வாங்குனது.”

இவாமுரோவுக்கு ரத்தம் கொதித்தது. யார் ஜெயிப்பது என்பது மேடையேறும் முன்பே பேசி முடிவாகிவிடும். இந்தத் தொழில் அப்படி. சொன்னபடி விழாதவனை ஒசாகாவில் எந்தக் குழுவும் பிறகு சேர்த்துக்கொள்ளாது.

மணி அடித்ததும் ஆத்திரத்தையெல்லாம் ஹயாசேயின் மார்பில் இறக்கினான். ஒவ்வொரு அடிக்கும் கூடம் அதிர்ந்தது. பையன் நிஜமாகவே வலியில் நெளிந்தான்.

“டேய் இவாமுரோ! சாகுறதுக்குள்ள ஒரு தடவையாவது ஜெயிச்சுத் தொலைடா!” என்று பீர் டப்பாவை ஆட்டியபடி முன்வரிசைப் பெரியவர் கத்தினார். முந்நூறு பேரும் அவன் பெயரைச் சொல்லித் தரையை உதைக்க ஆரம்பித்தார்கள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறார்களே என்று அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

பத்தாவது நிமிடம். நடுவர் நிஷிகே காதுக் கருவியை அழுத்திக் கேட்டார். ஹயாசேயிடம் குனிந்து ஏதோ முணுமுணுத்துவிட்டு இவனிடம் வந்தார். தலைவரின் சேதியை மல்லர்களிடம் சேர்ப்பதும் நடுவர் வேலைதான். பெரும்பாலும் நேரக் கணக்கு.

“இவாமுரோ, கேளு...”

“இன்னும் ரெண்டு நிமிஷம், அதானே? தெரியும், போய்யா!”

நிஷிகே மறுபடி வந்தார். இவாமுரோ அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு ஹயாசே மேல் பாய்ந்தான்.

சரியாகப் பன்னிரண்டாவது நிமிடம் ஹயாசே குதித்தான். இவாமுரோ விழுந்தான். மேலே கவிழ்ந்தவனின் பிடி தொளதொளவென்று இருந்தது. கிழவன்தானே, இறுக்கிப் பிடிக்கக்கூட வேண்டாம் என்று நினைத்துவிட்டானா பொடிப்பயல்? ஒரு உதறு உதறினால் போதும், எழுந்துவிடலாம்.

“ஒண்ணு!” நிஷிகே என்றுமில்லாமல் இழுத்து இழுத்து எண்ணினார். “ரெண்டு...!”

தோள் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தரையோடு அழுத்தினான். இருபத்தோரு வருடத்தில் ஒருமுறைகூட அவன் சொல் தவறியதில்லை. இந்த நாய்களுக்காக அதையும் கெடுத்துக்கொள்வதா? வைத்துக்கொண்டு அழுங்கள் உங்கள் பெல்ட்டை!

நடுவரின் கை அந்தரத்தில் நின்றது. அப்புறம் விழுந்தது.

“மூணு.”

கூடம் முழுக்க ஓவென்று கூச்சல். யாரோ பீர் டப்பாவை மேடை மேல் எறிந்தார்கள்.

“திருப்தியாடா?” என்று உறுமினான் இவாமுரோ.

ஹயாசே அவன் மேலிருந்து எழவில்லை. முகம் வெளிறிப் போய் அவன் காதோடு சீறினான்:

“ஏன் அண்ணே தோளைத் தூக்கல? பெல்ட்டை உங்களுக்குன்னு தலைவர் மாத்திட்டாரே!”