இரண்டாவது சாட்சி

“பொண்டாட்டி சொல்லிட்டா சுவத்தைக்கூட யானைன்னு சத்தியம் பண்ணுவான் சார் இவன்,” என்றார் வீட்டுக்காரர் அப்பாத்துரை.

மில் தொழிலாளி மகாராஜா தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பக்கத்தில் அவன் மனைவி முத்துராணி.

வருவாய் ஆய்வாளர் முத்துசுப்பிரமணியன் சிரிப்பை அடக்கிக்கொண்டார். மலைக்கு மேலே பறக்கும் தட்டு வந்து நின்றதாகப் புருஷனும் பெண்டாட்டியும் கலெக்டருக்கு மனுப் போட்டிருந்தார்கள். விக்கிரமசிங்கபுரம் முழுக்க அதே பேச்சு. விசாரிக்கச் சொல்லி இவரை அனுப்பியிருந்தார்கள்.

“பேய் புடிச்சவளை நாலு குடும்பம் இருக்குத வளவுக்குள்ள வச்சுக்கிட முடியாது. வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டேன்.”

“பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. நான் கண்ணால பார்த்தேன்,” என்றாள் முத்துராணி.

“ஒரு பொம்பளை மட்டும் சொல்லியிருந்தா மனுவைத் தூக்கிப் போட்டிருப்போம்மா,” என்றார் ஆய்வாளர். “ஒம் புருஷனும் கையெழுத்துப் போட்டிருக்கான். அதான் வந்தேன். என்னப்பா, நிசமாப் பார்த்தியா?”

“பார்த்தேன் சார். பெரிய வெளிச்சம். அசையாம நின்னுது.”

“நல்லாத்தான் மனப்பாடம் பண்ணியிருக்கான்,” என்றார் அப்பாத்துரை.

இருட்டத் தொடங்கியதும் எல்லோரும் மொட்டைமாடிக்குப் போனார்கள்.

“பாருங்க சார், மாடி ஏறக்கூட அவ கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் வாரான்!”

கொஞ்ச நேரத்தில் மலைக்கு மேலே ஒரு வெளிச்சம். அசையவில்லை.

“அந்தா!” என்றாள் முத்துராணி.

அப்பாத்துரை திறந்த வாயை மூடவில்லை.

“விமானம்,” என்றார் ஆய்வாளர். “திருவனந்தபுரத்துல இருந்து மெட்ராஸ் போவுது. நேரா நம்மளைப் பார்த்து வாரதால நிக்குத மாதிரி தெரியுது. இந்த மாசந்தான் நேரத்தை மாத்தியிருக்கான். விமான நிலையத்துல கேட்டுட்டுத்தான் வந்தேன்.”

வெளிச்சம் மெல்லத் திரும்பி, சத்தத்தோடு வடக்கே போய் மறைந்தது.

“அப்ப பேயி?” என்றார் அப்பாத்துரை.

“ஒமக்கும் தெரிஞ்சுதுல்லா அண்ணாச்சி? அப்ப ஒம்மையும்லா புடிச்சிருக்கணும்!” என்றார் ஆய்வாளர்.

“சரி, இருந்துட்டுப் போட்டும்,” என்று முனகியபடி அப்பாத்துரை கீழே இறங்கினார்.

ஆய்வாளர் திரும்பினார். மகாராஜா இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். மலைப் பக்கம் அல்ல. அதற்கு நேர் எதிரே, ஆற்றுப் பக்கம்.

“அந்தா, அப்படியே நிக்குதுல்லா சார்!”

முத்துராணி அவசரமாக அவன் தோளைத் தொட்டுத் திருப்பினாள்.

ஆய்வாளர் அவன் முகத்துக்கு நேரே கையை ஆட்டினார். இமைகூட அசையவில்லை.

“எப்ப இருந்துப்பா?”

“போன மழைக்காலத்துல இருந்து சார். பொழுது அடைஞ்சா ஒண்ணும் தெரியாது. வெளியில யார்ட்டயும் சொல்லலை.”

“பெறகு எதைப் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டே?”

“இவ பார்த்தாள்லா சார்.”