கேலிக்கு ஒரு கவிஞர்

எதிரே உட்கார்ந்த அம்மாள், தான் ஒரு கவிஞரின் மனைவி என்று சொன்னதுமே, மேசை மேலிருந்த தண்ணீர் கிளாஸைத் தள்ளி வைத்தேன்.

அனுபவம் அப்படி.

எங்கள் வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் இக்காலக் கவிஞர்களை ஒவ்வொருவராகக் கிண்டலடித்து எழுதுகிறேன். ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ஒருவர் நேரிலேயே வந்து அழுதார். மற்றவர்களைப் பற்றி எழுதியபோதெல்லாம் போனில் விழுந்து விழுந்து சிரித்தவர், தன் முறை வந்ததும் என் நம்பரையே பிளாக் செய்துவிட்டார். இன்னொருவர் நான் வாரியதையே பாராட்டுபோல வெட்டி ஒட்டித் தன் அடுத்த தொகுப்பின் பின்னட்டையில் போட்டுக்கொண்டார். பிழைக்கத் தெரிந்தவர்.

இந்த அம்மாளின் கணவரை எப்போது வம்புக்கு இழுத்தேன்? யோசித்துப் பார்த்தும் பெயரே பிடிபடவில்லை.

“எங்க வீட்டுக்காரரையும் ஒரு வாரம் கிண்டல் பண்ணி எழுதுங்க சார். ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படியொரு சிபாரிசு இதுவரை வந்ததில்லை.

கைப்பையிலிருந்து மெலிசான இரண்டு கவிதைத் தொகுப்புகளை எடுத்து வைத்தார். பத்திரிகை வந்ததும் அவர் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவாராம். தன் பெயர் இல்லையென்றால் முகம் வாடிவிடுமாம். அன்று முழுக்க யாரோடும் பேச்சு இருக்காதாம்.

சொல்லிக்கொண்டே அம்மாள் தொகுப்பின் அட்டையைத் தடவிக் கொடுத்தார். எனக்குப் பாவமாக இருந்தது. திட்டுவதற்குக்கூட ஆளில்லாமல் எழுதுவது கொடுமைதான்.

புரட்டினேன். கவிதைக்குக் கவிதை மழை. வெயிலைப் பற்றிய கவிதையிலும் கடைசி வரியில் தூறல். குடை பிடித்துக்கொண்டு படிக்க வேண்டிய கவிஞர் என்று ஆரம்பித்துவிடலாம் என்றேன். அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

நல்ல கவிதைகளும் நாலைந்து இருந்தன. அவற்றைத் தாண்டிப் போனேன். என் பிழைப்புக்கு அவை உதவாது.

கார்ட்டூனுக்கு முகம் வேண்டும், நாளைக்கு அவரையே அழைத்து வாருங்கள், எங்கள் ஓவியர் எதிரே உட்காரவைத்து வரைந்துவிடுவார் என்றேன்.

அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டு வரி இரங்கல் போடச் சொல்லி எல்லாப் பத்திரிகையிலயும் கேட்டுட்டேன் சார். யாரு அவருன்னு கேக்கறாங்க. கிண்டல்னா எல்லாரும் படிக்கிறாங்களே.”